சினிமா பார்க்கக் கூடாத வீட்டில் பிறந்த டைரக்டர்



நம்ம சுவர் இதழில் விஞ்ஞானிகள், தலைவர்கள், கவிஞர்கள் வாழ்க்கை வரலாறு எல்லாம் வந்துவிட்டது. சினிமாக்காரர் ஒருவர்கூட வரவில்லை. சினிமா என்றதும் டீச்சருங்க முகம் சுளிக்க வேண்டாம். இது நடிகர் கதை இல்லை. கேமராவுக்குப் பின்னாடி நின்ற ஒருவரின் கதை. அவர் பெயர் டேவிட் லீன். இங்கிலாந்து நாட்டுக்காரர். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' ஆகிய படங்களை எடுத்தவர். உலகத்தில் சிறந்த டைரக்டர்கள் யார் யார் என்று யார் பட்டியல் போட்டாலும் இவர் பெயர் வராமல் இருக்காது.

அவர் 1908ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் லண்டனை ஒட்டிய குராய்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஆடிட்டர். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரம் கூடாது, எளிமையாக வாழ வேண்டும் என்பது அவங்க வழக்கம். அந்த வீட்டில் சினிமாவுக்குப் போவது தப்பு. பிள்ளைகள் தியேட்டர் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது.

ஆனாலும் சினிமா அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது தெரியுமா? சமையலறை வழியாகத்தான். அங்கே வீட்டு வேலைக்கு வந்த ஒரு அம்மா சார்லி சாப்ளின் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி நடந்தும் ஓடியும் விழுந்தும் நடித்துக் காட்டுவாராம். சின்னப் பையன் டேவிட் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு படமும் பார்க்காமலேயே சாப்ளினைத் தெரிந்துகொண்ட பையன் அவன். அவன் முதன்முதலில் தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்த்தபோது வயது 13. அது ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் ஊமைப் படம். இருட்டில், தலைக்கு மேலே போகிற அந்த வெளிச்சக் கற்றையைப் பார்த்தே மயங்கிப் போனானாம்.

பள்ளிக்கூடத்தில் டேவிட் மக்குப் பையன் என்றுதான் பெயர். தம்பி நல்லாப் படிப்பான், பின்னால் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே போனான். அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. தம்பியோடு ஒப்பிட்டுப் பேசுகிற வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று நம்மில் பல பேருக்குத் தெரியும். ஆனால் அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது சித்தப்பா முறையுள்ள ஒருவர் ஒரு பாக்ஸ் கேமரா வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் சின்னப் பையனை நம்பிக் கேமரா கொடுப்பது பெரிய விஷயம். படிப்பு வராத பையன் போட்டோ எடுத்து, தானே கழுவி, பிரிண்ட் போடவும் கற்றுக்கொண்டான்.

அவனுக்கு 15 வயது ஆனபோது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். வேறொரு பெண்ணோடு வாழப் போனார். அம்மா உடைந்து போனார். டேவிட் கொஞ்ச நாள் அப்பாவின் ஆடிட்டர் ஆபீசிலேயே கணக்கு எழுத உட்கார்ந்தான். அந்த வேலை பிடிக்கவே இல்லை. சாயந்திரம் ஆனால் சினிமாதான். கடைசியில் ஒரு அத்தைதான் யோசனை சொன்னார், இவனுக்கு எப்பவும் சினிமா நினைப்புத்தானே, அதிலேயே வேலைக்குப் போகட்டுமே என்று. அந்த அத்தை அப்படிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

1927இல் காமான்ட் பிரிட்டிஷ் என்ற படக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் ஒரு மாதம் சம்பளம் கிடையாது. டீ வாங்கிக் கொடுப்பது, சாமான் தூக்குவது, கிளாப் அடிப்பது என எல்லா வேலையும் பார்த்தார். அங்கேதான் எடிட்டிங் அறையைப் பார்த்தார்.

எடிட்டிங் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் படம் பிலிம் சுருளில் இருக்கும். ஒரு வினாடிக்கு 24 சின்னச் சின்னப் படம். ஒரே காட்சியைப் பக்கத்தில் இருந்து, தூரத்தில் இருந்து, மேலே இருந்து என்று பலமுறை எடுப்பார்கள். எது வேண்டும், எது வேண்டாம், எதற்குப் பின்னாடி எது வர வேண்டும் என்று பார்த்து வெட்டி ஒட்ட வேண்டும். கதம்பம் கட்டுகிற மாதிரிதான். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் ஒரே கூடையில்தான் இருக்கும். எதை எதற்கு அடுத்து வைக்கிறோம் என்பதில்தான் மாலை அழகு. பூ கட்டுகிற எங்க தெரு அக்காங்களுக்கு இது உடனே புரியும்.

அந்த நேரம் பார்த்துப் பேசும் படம் வந்தது. படத்தையும் ஒலியையும் பொருத்தி வெட்டுவது எல்லாருக்கும் புது வேலை. பழைய ஆட்கள் தடுமாறியபோது லீன் கற்றுக்கொண்டார். முதலில் தியேட்டரில் போடும் செய்திப் படங்களை வெட்டினார். அதற்கு நேரமே இருக்காது. இன்று எடுத்ததை நாளைக்குக் காட்ட வேண்டும். கை அங்கேதான் பழகியது. பத்து வருடத்தில் இங்கிலாந்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் எடிட்டர்களில் ஒருவர் ஆகிவிட்டார். மக்குப் பையன் என்று சொன்னவங்க என்ன சொல்லியிருப்பாங்களோ!

இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது நோயல் கவர்டு என்ற பெரிய நாடகக்காரர் ஒரு போர்க்கப்பலைப் பற்றிப் படம் எடுக்க நினைத்தார். அவருக்குச் சினிமா நுணுக்கம் தெரியாது. லீனைக் கூட்டு டைரக்டராகச் சேர்த்துக்கொண்டார். நம் வரலாற்றுப் புத்தகத்தில் வருகிறாரே, இந்தியாவின் கடைசி வைசிராய் மவுண்ட்பேட்டன், அவர் தலைமையில் இருந்து 1941இல் மூழ்கிய கப்பலின் கதையைத்தான் மாற்றி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு லீன் வரிசையாகப் படம் எடுத்தார். 1945இல் வந்த 'பிரீஃப் என்கவுன்டர்' ஒரு ரயில்வே ஸ்டேஷனில் நடக்கும் சோகக் கதை. போர் முடியாத காலம். குண்டு விழும் பயத்தால் லண்டன் ஸ்டேஷனில் விளக்குப் போட்டு ராத்திரி ஷூட்டிங் நடத்த முடியாது. அதனால் வடக்கே தூரத்தில் இருக்கும் கார்ன்ஃபோர்த் ஸ்டேஷனில் எடுத்தார்கள். அந்த ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்க்க இப்போதும் ஆட்கள் போகிறார்களாம்.

1946இல் சார்லஸ் டிக்கன்ஸ் நாவலை வைத்து 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' எடுத்தார். இதன் முதல் பத்து நிமிடத்தை எங்க வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் பார்த்தோம். கறுப்பு வெள்ளை. ஒரு பையன் தனியாக இடுகாட்டுக்குப் போகிறான். காற்று, மரம் கிறீச் கிறீச் என்று சத்தம். திரும்பி ஓடும்போது திடீரென்று ஒரு கைதியின் மேல் முட்டிக்கொள்கிறான். அவ்வளவுதான், எங்க வகுப்பே ஒரே அலறல். கடைசி பெஞ்ச் பையன்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள், இப்போ இல்லை என்பார்கள். 1946இல் எடுத்த ஒரு வெட்டு இன்றைக்கும் வேலை செய்கிறது.

1948இல் 'ஆலிவர் ட்விஸ்ட்' வந்தது. அதில் திருடர் தலைவன் ஃபேகின் ஒரு யூதர். அந்த வேடத்துக்குப் பெரிய மூக்கு ஒட்டி எடுத்திருந்தார்கள். ஹிட்லர் ஆட்சியில் லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டு அப்போதுதான் மூன்று வருடம் ஆகியிருந்தது. யூதர்களைக் கேலி செய்கிறது என்று எதிர்ப்பு வந்து, அமெரிக்காவில் 1951 வரை படம் வெளியாகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை எப்படிக் காட்டுகிறோம் என்ற பிரச்சினை லீனுக்கு அதன் பிறகும் வந்தது.

இனிதான் பாலம் கதை.

ஜப்பான்காரர்கள் இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூரைப் பிடித்த பிறகு சயாமில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் என்பது இப்போதைய தாய்லாந்து. 1942இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். காட்டையும் மலையையும் கையாலேயே வெட்டினார்கள். கைதிகளாகப் பிடிபட்ட ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுச் சிப்பாய்கள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இதை வைத்துப் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952இல் ஒரு நாவல் எழுதினார். அதைத்தான் லீன் 1957இல் படமாக்கினார்.

கதை இதுதான். கைதியாக இருக்கும் ஒரு ஆங்கிலேயக் கர்னல், ஜப்பான் அதிகாரியிடம் முதலில் பணிய மாட்டேன் என்கிறார். அப்புறம் எங்கள் ஆட்கள் எவ்வளவு நன்றாகப் பாலம் கட்டுவார்கள் பார் என்று வீம்புக்கு நின்று கட்டிக் கொடுக்கிறார். அது எதிரிக்கு உதவும் பாலம் என்பதே அவருக்கு மறந்துபோகிறது. நல்ல வேலை செய்கிறோம் என்ற பெருமையே ஒரு ஆளைக் கெடுக்கும் என்று இந்தக் கதை காட்டுகிறது. ஆலெக் கின்னஸ் கர்னலாக நடித்தார்.

படப்பிடிப்பு நம் பக்கத்து இலங்கையில் நடந்தது. களனி ஆற்றங்கரையில் கித்துல்கல என்ற இடம். அட்டைப் பாலம் இல்லை, நிஜப் பாலமே கட்டினார்கள். சுமார் 425 அடி நீளம், 90 அடி உயரம். யானைகளை வைத்து மரம் இழுத்தார்கள். வெயில், மழை, அட்டைக்கடி எல்லாம் உண்டு. லீன் ஒருநாள் ஆற்று வெள்ளத்தில் இழுக்கப்பட்டு, கூட நடித்தவர் ஒருவர் காப்பாற்றினார்.

பாலத்தை ரயிலோடு வெடி வைத்துத் தகர்க்க வேண்டும். ஒரே ஒரு பாலம், ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். 1957 மார்ச் 10ஆம் நாள். இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவே வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ரயில் கிளம்பிவிட்டது. ஆனால் கேமராக்காரர் ஒருவர் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டார் என்ற சிக்னல் வரவில்லை. லீன் வெடிக்க விடவில்லை. ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் இருந்த ஜெனரேட்டரில் மோதியது. அத்தனை பணமும் உழைப்பும் போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ரயிலைச் சரி செய்து மறுநாள் காலையில் வெடித்தார்கள். ஒரு ஷாட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர் என்று பெயர் எடுத்தவர், ஒரு ஆளின் உயிருக்காக அந்த ஷாட்டை விட்டார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

படம் ஏழு ஆஸ்கார் வாங்கியது. லீனுக்குச் சிறந்த டைரக்டர் விருது. திரைக்கதை விருது மட்டும் நாவலாசிரியருக்குப் போனது. உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் என்ற இரண்டு பேர். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அமெரிக்கப் படக் கம்பெனிகள் அவர்களை ஒதுக்கி வைத்திருந்ததால் பெயரே போடவில்லை. 1984இல்தான் விருது அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் இரண்டு பேருமே உயிரோடு இல்லை.

இன்னொரு வேடிக்கை. நிஜப் பாலம் தாய்லாந்தில் காஞ்சனபுரியில் இருக்கிறது. அது குவாய் ஆற்றின் மேலேயே இல்லை. படம் பார்த்துவிட்டு வந்த வெளிநாட்டுக்காரர்கள் குவாய் ஆறு எங்கே என்று கேட்டதால், 1960இல் அந்த ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! ஒரு சினிமா ஆற்றுக்கே பெயர் வைத்துவிட்டது.

இப்போது வேடிக்கை இல்லாத விஷயம். அந்த ரயில் பாதையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டுமா வேலை செய்தார்கள்? அவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பர்மாக்காரர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், அப்புறம் நம் தமிழர்கள். மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களை, நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை என்று சொல்லியும் பிடித்தும் லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப் போனார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு போனவர்களும் உண்டு. சிப்பாய்களுக்காவது அவர்களுடைய டாக்டர்கள் கூட இருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. காலராவும் மலேரியாவும் பசியும் அள்ளிக்கொண்டு போயின. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். மலேசியத் தமிழர்கள் இதைச் சயாம் மரண ரயில் என்று சொல்கிறார்கள். காஞ்சனபுரியில் சிப்பாய்களுக்குப் பெயர் செதுக்கிய கல்லோடு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. கூலிகளுக்கு அப்படி ஆளுக்கு ஒரு கல் கிடையாது.

எங்க அம்மாச்சியின் பெரியப்பா அப்படிப் போனவர். மலேயாவில் இருந்து வந்த ஒரு கடிதத்தில் சயாம் போனவர் திரும்பவில்லை என்று மட்டும் இருந்ததாம். எந்த நாள் செத்தார் என்று தெரியாததால் எங்க வீட்டில் அவருக்கு ஆடி அமாவாசையில்தான் படையல். அதனால் படத்தை எங்க மாமா செல்போனில் பார்த்தபோது நான் பாலத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில், பின்னாடி, எங்கேயாவது நம்ம ஆள் ஒருத்தராவது மண் சுமக்கிறாரா என்று தேடிக்கொண்டே இருந்தேன். இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஒருத்தரும் இல்லை.

நாவலே சிப்பாய்களின் கதைதான், லீன் என்ன செய்வார் என்று கேட்கலாம். என் தோழியும் அப்படித்தான் கேட்டாள். ஆனால் எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதில் இவர்தானே கெட்டிக்காரர். மூன்று வினாடி போதும். தூரத்தில் தலையில் கூடையோடு ஒரு வரிசை போயிருக்கலாம். சிப்பாய்களாக இருந்து பிழைத்தவர்களுக்கும் படத்தின் மேல் வருத்தம் இருந்தது. எங்கள் அதிகாரி எதிரிக்கு உதவவில்லை, படத்தில் வருவது பொய் என்று அவர்கள் சொன்னார்கள். அதைச் சொல்லவாவது அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

சரி, அடுத்து. 1962இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. ஜோர்டான் பாலைவனத்தில் எடுத்தது. மணலில் காலடித் தடம் விழுந்துவிட்டால் அந்த ஷாட் வீண். கூட்டிப் பெருக்கிச் சரி செய்து மறுபடி எடுப்பார்கள். கதாநாயகன் பீட்டர் ஓ'டூலுக்கு ஒட்டகச் சவாரியில் உட்காரவே முடியவில்லை. ரப்பர் பஞ்சு வாங்கிச் சேணத்தில் போட்டுக்கொண்டார். முதலில் சிரித்த பாலைவன மக்கள் பிறகு தாங்களும் போட ஆரம்பித்தார்களாம். படத்தில் லாரன்ஸ் எரியும் தீக்குச்சியை ஊதுவார். அடுத்த நொடி திரை முழுக்கப் பாலைவனத்தில் சூரியன் உதிக்கும். சினிமாவிலேயே மிகப் புகழ்பெற்ற வெட்டு இதுதான் என்கிறார்கள். அதை வெட்டி ஒட்டிய எடிட்டர் ஆன் கோட்ஸ் என்ற பெண்மணி. ஆஸ்கார் வாங்கினார். ஆனால் அதே படத்தில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியும் ஒரு பெண்கூட ஒரு வார்த்தை பேச மாட்டார். இதையும் நான் எண்ணிப் பார்த்தேன். பெண்கள் பேசவே இல்லாத படத்தை ஒரு பெண் வெட்டியிருக்கிறார், பாருங்கள்.

இந்தப் படத்துக்கும் ஏழு ஆஸ்கார். 1965இல் வந்த 'டாக்டர் ஷிவாகோ' ரஷ்யக் கதை. ரஷ்யாவில் நாவலே தடை. அதனால் ஸ்பெயினில் எடுத்தார்கள். பனி மூடிய வீட்டை மெழுகு ஊற்றிச் செய்தார்கள். ஐந்து ஆஸ்கார்.

வெளியே இவ்வளவு பெரிய ஆள். வீட்டில் அப்படி இல்லை. ஆறு கல்யாணம் செய்தார். அதில் ஒருவர் இந்தியப் பெண். முதல் மனைவியையும் சின்னக் குழந்தையாக இருந்த மகனையும் விட்டுப் போனார். அப்பா விட்டுப் போன வலி தெரிந்தவரே அதைச் செய்தார். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். வாழ்க்கை வரலாறு என்றால் நல்லது மட்டும் எழுதுவது என்று இல்லையே.

1970இல் அயர்லாந்துக் கடற்கரையில் 'ரயன்'ஸ் டாட்டர்' எடுத்தார். ஒரு புயல் காட்சிக்காக நிஜப் புயல் வரும்வரை காத்திருந்து எடுத்தார். படம் வந்ததும் அமெரிக்க விமர்சகர்கள் நியூயார்க்கில் ஒரு ஓட்டலுக்கு அவரை வரவழைத்து, உட்கார வைத்து, நேருக்கு நேராகக் குறை சொன்னார்கள். இரண்டு ஆஸ்கார் டைரக்டர் விருது வாங்கிய, 62 வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நொறுங்கிப் போனார். அதன் பிறகு 14 வருடம் அவர் படமே வரவில்லை.

1984இல் மறுபடி வந்தார். இந்த முறை நம்ம நாட்டுக்கு. ஃபார்ஸ்டர் எழுதிய 'எ பாசேஜ் டு இந்தியா' நாவல். பெங்களூரைச் சுற்றி எடுத்தார்கள். குகைக் காட்சிகளுக்கு ராமநகரம், சாவனதுர்கா பாறைகள். குகைக்குப் போகிற ரயில் எது தெரியுமா? நம்ம மேட்டுப்பாளையம் ஊட்டி மலை ரயில்தான்! டாக்டர் அஜீஸ் என்ற முக்கிய வேடத்தில் வங்காளத்து விக்டர் பானர்ஜி நன்றாக நடித்திருக்கிறார். ஆனால் பேராசிரியர் காட்போலே என்ற பிராமண வேடத்துக்கு மட்டும், அதே ஆலெக் கின்னஸுக்கு மாநிறம் பூசி நடிக்க வைத்துவிட்டார். இந்தியா முழுக்கத் தேடி ஒரு இந்தியத் தாத்தா கிடைக்கவில்லையா என்று தோன்றுகிறது.

இந்தப் படத்தை லீனே எடிட் செய்தார். வயது 76. சமையலறையில் சாப்ளின் நடிப்பைப் பார்த்த பையன், டீ வாங்கிக் கொடுத்த பையன், மறுபடி பிலிம் சுருளோடு உட்கார்ந்துவிட்டார். எடிட்டிங், திரைக்கதை, டைரக்ஷன் மூன்றுக்கும் ஆஸ்கார் பட்டியலில் அவர் பெயர் வந்தது. மூன்றுமே கிடைக்கவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்து அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. 1989இல், பல வருடமாக அங்கங்கே வெட்டப்பட்டுச் சிதைந்து கிடந்த 'லாரன்ஸ்' படத்தைச் சேகரித்துச் சரி செய்தபோது அவரும் வந்து உட்கார்ந்து உதவினார்.

அடுத்ததாக 'நாஸ்ட்ரோமோ' என்ற நாவலைப் படமாக்க எல்லா ஏற்பாடும் செய்துகொண்டிருந்தார். ஷூட்டிங் தொடங்கும் முன்பே, 1991 ஏப்ரல் 16ஆம் நாள் லண்டனில் 83ஆவது வயதில் இறந்தார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி